பூஜையில் வைத்த புஸ்தகம்

அந்த வருஷம் விஜயலக்ஷ்மி மாமி வீட்டுக் கொலுவுக்குப் போன பெண்களுக்கு ரவிக்கைத் துணி கிடைக்கவில்லை. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு தேங்காய், அதோடு ஒரு புஸ்தகம். அட்டையில் மழையில் நனைந்த மதிலில் சாய்த்து வைத்த இரண்டு சைக்கிள்கள். பின்னட்டையில் மாமியின் ஒரே பிள்ளை சுமந்தின் போட்டோ. பெயர் மலையாளத்தில் 'ரண்டு சைக்கிள்'.

மாமிக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. அம்பாசமுத்திரத்திலிருந்து கல்யாணமாகி, மலையாள தேசத்தில் இருக்கிற ஸ்ரீவராகத்துக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. பஸ்ஸில் கண்டக்டரோடு மலையாளத்தில் சண்டை போடுவாள். சீரியலில் மாமியார் பேசுவது ஒன்று விடாமல் புரியும். எழுத்து மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை. முறுக்கு பிழிந்து வைத்த மாதிரி இருக்கிறது என்பாள். முறுக்குதான் அவளுக்குத் தொழில். கிழக்கேகோட்டை, கரமனை சுற்றுவட்டாரத்தில் எந்த பிராமணக் கல்யாணம் என்றாலும் சீர் பட்சணத்துக்கு விஜி மாமியைத்தான் கூப்பிடுவார்கள். ஒன்பது சுற்று கைமுறுக்கை ஒரு விரிசல் இல்லாமல் சுற்ற அவளை விட்டால் அந்தத் தெருவில் ஆள் கிடையாது.

அவள் புருஷன் சுந்தரராமனுக்கு மலையாளம் தெரியும், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆனால் பேப்பரில் மரண அறிவிப்புப் பக்கம் தவிர எதையும் முழுசாக வாசித்த மனுஷர் இல்லை. மருந்து கோடவுனில் சூப்பர்வைசர் வேலை. பின்னட்டையில் 'பேரில்லாத ஒரு ஸ்நேகத்தின் கதை' என்று இருந்ததைப் பார்த்தார். ஸ்நேகம் நல்லதுதானே என்று ஒரு பிரதியை எடுத்துக் கொலுவில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தார். பிள்ளை புஸ்தகம் போட்டிருக்கிறான் என்ற பூரிப்பில் அவருக்கு அட்டையே போதுமாக இருந்தது.

முப்பது பிரதிகள் ஒரு அட்டைப்பெட்டியில் சப்தமி அன்று வந்திருந்தன. சுமந்துக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, அங்கேயே மூன்று பேரோடு வாடகை ஃபிளாட். பதிப்பகத்தார் விலாசம் கேட்டபோது பழக்கதோஷத்தில் ஆதாரில் இருக்கிற வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டான். அவன் செய்த தப்பு அவ்வளவுதான். பாக்கியை மாமி செய்தாள்.

அஷ்டமி சாயங்காலம் எல்லார் வீட்டிலும் புஸ்தகங்களைப் பூஜைக்கு வைப்பார்கள். வைத்துவிட்டால் விஜயதசமி காலையில் எடுக்கிறவரைக்கும் யாரும் எதையும் வாசிக்கக் கூடாது. பேப்பரைக்கூடப் பிரிக்க மாட்டார்கள். எடுத்ததும் முதல் வேலையாக நாலு வரியாவது வாசித்தாக வேண்டும். அஷ்டமி மத்தியானம் கொலுவுக்கு வந்த ஒவ்வொருத்தியிடமும் மாமி சொன்னாள்: "புதுப் புஸ்தகமாக்கும். நேரே கொண்டுபோய்ப் பூஜைல வெச்சுடுங்கோ. விஜயதசமிக்கு இதையே எடுத்து முதல்ல வாசிங்கோ." இருபத்தாறு பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். இருபத்தாறு வீட்டிலும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அந்த இரண்டு சைக்கிள்களும் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தன.

நவமி அன்று மத்தியானம் சுமந்த் வந்தான். துலாமாச மழைக்கு இன்னும் நாள் இருந்தாலும் வானம் அதற்குள் இருட்டிக்கொண்டு இடி உருட்டத் தொடங்கியிருந்தது. மாமி கூடத்தில் வெள்ளை வேஷ்டியை விரித்து முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு நீலாம்பாளின் பிள்ளை வினய்க்கு அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். மாதிரிக்குப் பெண் வீட்டாருக்குக் கொஞ்சம் முறுக்கு வேண்டும் என்று நீலாம்பாள் சொல்லியிருந்தாள்.

"அம்மா, எனக்கு ஒரு பெட்டி வந்ததா?"

"வந்துதே. கட்டிலடில பார். மூணுதான் மிச்சம்."

"மிச்சம்னா?"

"கொலுவுக்கு வந்தவாளுக்கெல்லாம் தாம்பூலத்தோட கொடுத்துட்டேன். பின்னே, ஊரெல்லாம் பிளாஸ்டிக் டப்பா கொடுக்கறா, நான் என் பிள்ளை எழுதின புஸ்தகம் கொடுக்கப்படாதா? எல்லாருக்கும் என்ன சந்தோஷம்னு நினைக்கறே!"

சுமந்த் பையைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்தான்.

"யாராருக்கு?"

"தெரு முழுக்க. முதல்ல நீலாம்பாளுக்கு. அவளுக்குக் கொடுக்காம யாருக்குக் கொடுக்கறது?"

அவன் போனை எடுத்து யாருக்கோ அடித்தான். மறுபடி அடித்தான். யாரும் எடுக்கவில்லை. ஒரு வருஷமாகவே அந்த நம்பரில் அவன் போனை எடுப்பதில்லை என்பது மாமிக்கு அப்போது தெரியாது.

"எல்லாத்தையும் திருப்பி வாங்கிடும்மா. இன்னிக்கே."

"உனக்கென்ன பைத்தியமா? பூஜைல வெச்சதை எடுப்பாளா யாராவது? என்னடா, தப்பா அச்சடிச்சுட்டானா?"

"அம்மா, நீ என்ன கதைன்னு கேட்டப்போ, ஸ்கூல்ல படிக்கற ரெண்டு பசங்களோட சினேகிதம்னு சொன்னேன்."

"ஆமாம்."

"அது நீ நினைக்கற சினேகிதம் இல்லை. அந்த ரெண்டு பேருக்கும் ஒருத்தர்மேல ஒருத்தருக்கு ஆசை. ஆணுக்கும் பொண்ணுக்கும் இருக்கற மாதிரி."

மாமி சுற்றுவதை நிறுத்தவில்லை. அஞ்சாம் சுற்று ஓடிக்கொண்டிருந்தது.

"கதைதானே."

"இல்லை. ஒருத்தன் நான்."

முறுக்கு அறுந்தது. மாமி அந்த மாவை எடுத்துத் திரும்ப உருட்டினாள். வெளியே முதல் தூறல் ஓட்டில் விழுகிற சத்தம் கேட்டது. சுமந்த் ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொருத்தன்..." என்று ஆரம்பித்தான்.

"பேரைச் சொல்லாதே" என்றாள் மாமி.

உருட்டின மாவை மறுபடி சுற்ற ஆரம்பித்து, "பேரை மாத்திருக்கியோ?" என்று கேட்டாள்.

"மாத்திருக்கேன்."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் இருக்கு. குளத்துப்படியில விழுந்து புருவத்துல வெட்டினது. அவாத்து நெல்லி மரம். சாயங்காலமானா இங்கே வந்து நீ வார்க்கற தோசை தின்னது."

"என் தோசைகூட இருக்கா?"

"இருக்கும்மா."

"ஏண்டா, எழுதாட்டா என்ன?"

"யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலை. வேற பேர்ல போன்ல எழுதினேன், வாராவாரம். இருபதாயிரம் பேர் வாசிச்சா. காசர்கோட்டுல ஒரு பையன், பாத்ரூமுக்குள்ள தாழ்ப்பாள் போட்டுண்டு வாசிக்கறேன் சேட்டா, நிறுத்தாதீங்கோன்னு எழுதினான். ஒரு பொண்ணு, எங்கண்ணா இருக்கறச்சே இது வந்திருக்கலாமேன்னு எழுதினா. கெட்ட வார்த்தையும் வந்தது. உன்னைக்கூட வெச்சுத் திட்டினா. அதெல்லாம் சாரமில்லை. இருபதாயிரம் பேர்ல ஒருத்தருக்கும் நம்ம தெரு தெரியாது. அப்புறம் புஸ்தகமாப் போடறேன்னாளா, சொந்தப் பேரைப் போட்டுக்கணும்னு ஒரு ஆசை வந்துடுத்து."

"அவாளுக்குத் தெரியாது. இந்த இருபத்தாறு பேருக்குத் தெரியுமே" என்றாள் மாமி.

கோபப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது, வரவில்லை. பயம்தான் இருந்தது. பிள்ளையைப் பற்றிய பயம் கூட அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது எதிர்வீட்டுப் பிள்ளையைப் பற்றி. ஆறு வருஷம் சாயங்காலம் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். நீலாம்பாள் அப்போது புருஷன் போய், ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்துவிட்டு இருட்டித்தான் வீட்டுக்கு வருவாள்.

மாமி கையை அலம்பிக்கொண்டு குடையோடு எதிர்வீட்டுக்குப் போனாள். நீலாம்பாள் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"நீலா, அந்தப் புஸ்தகத்துல நாலு பேஜ் விட்டுப் போயிருக்காம். சுமந்த் பறயறான். அதைக் கொடு, வேற தரேன்."

"நாளைக்கு எடுத்ததும் தரேன் விஜி."

"இப்பவே கேக்கறான்."

"எந்தா விஜி இது! அடச்சு வெச்சுப் பூஜை பண்ணின புஸ்தகத்தை எடுக்கறதா? அதுவும் இந்த வருஷம்! நாளைக்குக் காலம்பற கரமனைலேர்ந்து அவாளெல்லாம் வரா. எங்காத்துல விஜயதசமிக்கு வினய் உரக்க வாசிச்சுத்தான் மத்தவாளுக்குக் காப்பி. சின்ன வயசுலேர்ந்து அப்படியாக்கும். நம்ம சுமந்த் எழுதினதை வாசிக்கட்டும்னு நான்தான் மேலா வெச்சிருக்கேன். நாலு பேஜ் இல்லாட்டாலும் சாரமில்லை. முதல் பேஜ் இருக்கோல்லியோ?"

"இருக்கு" என்றாள் மாமி. பூஜை அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். பட்டுத்துணியின் மேல், எல்லாவற்றுக்கும் மேலே, அது இருந்தது. நாலடி தூரம். கையை நீட்டி எடுத்துவிட்டு ஓடிவிடலாம். ஆனால் அவளால் முடியவில்லை. சரஸ்வதிக்குப் பயந்தாளா, நீலாம்பாளுக்குப் பயந்தாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

விஜயதசமி காலையில் கரமனையிலிருந்து பெண்ணின் அம்மா ஸ்ரீலட்சுமியும் பெண் ஜானவியும் வந்தார்கள். ஸ்ரீலட்சுமி பள்ளிக்கூடத்தில் மலையாளம் டீச்சர். ஜானவி வங்கிப் பரீட்சைக்குப் படிக்கிறாள், இருபத்துமூன்று வயது, சிரித்தால் கண் மூடிக்கொள்கிற பெண். மாமி முறுக்குத் தூக்கோடு போய்ச் சமையலறை வாசலில் நின்றுகொண்டாள். பிள்ளையை வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தாள்.

வினய் வேஷ்டி கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தான். அம்மா எடுத்துக் கொடுத்த புஸ்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைப் பார்த்தான். அவன் கழுத்து சிவந்ததை மாமி பார்த்தாள். அப்புறம் பிரித்து வாசித்தான். நல்ல குரல் அவனுக்கு. ஜூன் மாசம், முதல் நாள் பள்ளிக்கூடம், மழை, ஒரு சைக்கிளின் செயின் கழன்று விழுகிறது, பின்னால் வந்தவன் இறங்கிக் கையெல்லாம் கிரீஸாக மாட்டிக் கொடுக்கிறான். முதல் பக்கம் அவ்வளவுதான். பக்கம் முடிந்த இடத்தில் வாக்கியம் முடியவில்லை. வினய் திருப்பவில்லை. புஸ்தகத்தை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வைத்துவிட்டான்.

"கேமமாயிருக்கு! எவ்வளவு லளிதமான பாஷை" என்றாள் ஸ்ரீலட்சுமி டீச்சர். "வினய், அதை இங்கே தா. நான் கொண்டுபோய் வாசிச்சுட்டுத் தரேன்."

"அது... ஆன்டி, அது நான் இன்னும் வாசிக்கலை" என்றான் வினய்.

"நீ எப்ப வேணாலும் வாசிக்கலாமே, எழுதினவன் எதிராத்துலன்னா இருக்கான்!" என்று சிரித்தாள் நீலாம்பாள். புஸ்தகத்தை எடுத்துத் தன் கையாலேயே டீச்சரின் கைப்பையில் வைத்தாள். மாமி வாயைத் திறந்தாள். தூக்கை வாங்க வந்த நீலாம்பாளைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

அன்று மத்தியானம், மாவு சலிக்கவும் அடுப்பு பார்த்துக்கொள்ளவும் வருகிற ஆர்ஷாவை மாமி உட்கார்த்தி வைத்தாள். "எனக்கு இதை வாசிச்சுக் காட்டு. விட்டுப்போடாம வாசி."

ஆர்ஷா இரண்டு பக்கம் வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "மாமி, இது ஞான் போனில் வாசிச்ச கதையல்லே? இது நம்ம சுமந்தா எழுதியது? எண்டெ மாமி, ஞான் எத்தற கரஞ்சூன்னு அறியாமோ!" என்று, அப்போது அழுததை நினைத்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

மாமி எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். காதால் கேட்டால் ஒரு வார்த்தை விடாமல் புரிகிற பாஷை. குளப்படி வந்தது, நெல்லிக்காய் வந்தது, பரீட்சைக்கு முந்தின நாள் ஒருத்தன் கையை ஒருத்தன் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தது வந்தது. ஒரு அம்மா வந்தாள். இரண்டு பேருக்கும் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். அவள் திரும்பிப் பார்த்தால் சொல்லிவிடலாம் என்று ஒருத்தன் நினைக்கிறான். அவள் தோசையைத் திருப்புகிறாளே தவிரத் திரும்பவில்லை. அந்த இடத்தில் மாமி, "போதும், நிறுத்து" என்றாள். சட்டியிலிருந்த முறுக்கை எடுத்துப் போட்டுவிட்டு, "சரி, வாசி" என்றாள்.

இருட்டின பிறகு வந்த கடைசி அத்தியாயத்தில் இரண்டாவது பையன் யாருக்கும் தெரியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு வருகிறான். முதல் பையன் அங்கே காத்துக்கொண்டிருக்கிறான். அதோடு கதை முடிந்தது. ஆர்ஷா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மாமி உள்ளே போய்ப் படுத்திருந்த பிள்ளையிடம், "ஸ்டேஷனுக்கு வந்தானா அவன்?" என்று கேட்டாள்.

"இல்லைம்மா. அது மட்டும் நான் கட்டினது."

அன்று சாயங்காலத்திலிருந்தே புஸ்தகங்கள் திரும்பி வர ஆரம்பித்தன. தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கும் கிடையாது. அதனால் தேங்காயையும் மஞ்சளையும் வைத்துக்கொண்டு புஸ்தகத்தை மட்டும் அனுப்பினார்கள். ஒருத்தி கேட்டில் பையோடு தொங்கவிட்டுப் போனாள். ஒருத்தி வேலைக்காரியிடம் கொடுத்தனுப்பினாள், பேப்பரில் சுற்றி, நூல் கட்டி. சரஸ்வதிக்கு முன்னால் இதை வைக்க வைத்தாயே, எனக்குப் பரிகாரம் யார் பண்ணுவா என்று ஒருத்தி வாசலில் நின்று அழுதாள். கோடி வீட்டு மாமி ஒருத்தி இருநூற்றுப்பன்னிரண்டு பக்கமும் விடாமல் வாசித்து முடித்துவிட்டு, "மழையை நன்னா வர்ணிச்சிருக்கான், ஆனா ஆத்துல வெச்சுக்கப்படாது" என்று கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "அந்த இன்னொருத்தன் நம்ம நீலாவாத்து வினய்தானே?"

சுந்தரராமன் கொலுவில் வைத்த பிரதியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். மறுநாள் சாயங்காலம்தான் முடித்தார். கீழே வந்து, "மலையாளம் நன்னா எழுதறான்" என்று மனைவியிடம் சொன்னார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அதற்கப்புறம் பிள்ளை இருக்கிற அறைக்குள் அவர் வரவில்லை. பிள்ளை சாப்பிட்டு எழுந்த பிறகுதான் இலை போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் நீலாம்பாள் வந்தாள். விஜி என்று கூப்பிடவில்லை.

"டீச்சர் வந்திருக்கா. பொண்ணையும் கூட்டிண்டு வந்திருக்கா. மண்டபம் பறஞ்சாச்சு, ஊரெல்லாம் விளிச்சாச்சு. உம் பிள்ளை வந்து எல்லாம் கட்டுக்கதைன்னு சொல்லட்டும். வேறொண்ணும் எனக்கு வேண்டாம். அவன் ஒருத்தனை வெச்சுண்டு நான் எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியாதா?" நின்றபடியே உடைந்து அழுதாள். மாமி அவள் தோளைத் தொடப் போனாள். நீலாம்பாள் நகர்ந்துகொண்டாள்.

எதிர்வீட்டுக் கூடத்தில் ஆறு பேர் இருந்தார்கள். மழை ஓவென்று பெய்துகொண்டிருந்தது. வினய் தூணோரம் நின்றான். சுமந்த் அவனைப் பார்க்கவில்லை, டீச்சரைப் பார்த்துத்தான் பேசினான்.

"எல்லாம் என் கற்பனை டீச்சர். வினய்க்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு... எனக்கு அவனைப் பிடிச்சிருந்தது. தூரத்துலேர்ந்து பாத்துண்டிருப்பேன். அவ்வளவுதான். கையைப் பிடிச்சது, லெட்டர் எழுதினது, எல்லாம் நானா உண்டாக்கினது. அவன் என்னோட சேர்ந்து ஸ்கூலுக்குப் போனதுகூட இல்லை."

"நான் இருபத்தஞ்சு வருஷமா கிளாஸ்ல கதை எடுக்கறவளாக்கும்" என்றாள் டீச்சர் மெதுவாக. "கற்பிச்சது எது, கண்டது எதுன்னு எனக்குக் கொஞ்சம் தெரியும். வினய், நீ பறயணும்."

வினய் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "எனக்கு ஒண்ணும் அறியில்லை ஆன்டி. எதிராத்துல இருக்கான்னு தெரியும். அவ்வளவுதான்."

சுமந்த் தலையாட்டினான், சரியாகச் சொன்னாய் என்கிற மாதிரி. மாமி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழ வேண்டியவன் அவன். அவன் தலையாட்டுகிறான்.

டீச்சர் மாமி பக்கம் திரும்பினாள். "மாமி, புஸ்தகத்துல அந்தப் பையன் தினம் சாயங்காலம் இவாத்துக்கு வந்து தோசை தின்றான். வினய் உங்காத்துக்கு வருவானோ?"

"வந்ததே இல்லை" என்றாள் மாமி.

நீலாம்பாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு பேரில் நாலு பேருக்கு அது பொய் என்று தெரியும். நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் பெருமூச்சு விட்டு, "செரி. பையனை ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்கோ" என்றாள். காப்பி வந்தது. மாமிக்கும் சுமந்துக்கும் வரவில்லை. சுமந்த் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு மழையிலேயே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். பையை எடுக்க வீட்டுக்குள்கூடப் போகவில்லை.

மாமி தெருவில் இறங்கினபோது பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது. ஜானவி குடையோடு ஓடி வந்தாள்.

"மாமி, ஒரு மினிட். நானும் அந்தப் புஸ்தகம் வாசிச்சேன். ரெண்டு தடவை." மூச்சு வாங்கினாள். "ஒருத்தர்கிட்ட இவ்வளவு ஸ்நேகம் வெக்கலாமான்னு எனக்கு அசூயையா வந்தது. வெறுதே சொல்லலை மாமி. எனக்கு அவாமேல கோபமே வரலை. ஆனா அது அவர்தான்னா... அப்படிக் கை பிடிச்ச மனசு என் கையை எப்படி மாமி பிடிக்கும்?"

ஜானவி குடையை மாமியின் தலைக்கு மேலும் நீட்டிப் பிடித்தாள்.

"உள்ளே எல்லாரும் இருந்தா, அதனால சொல்லியிருப்பேள். எனக்கு மட்டும் நிஜம் சொல்லுங்கோ. இன்னிக்கு நான் வேண்டாம்னா அம்மா கேப்பா. இன்னிக்கு விட்டா இனிமே கேக்கமாட்டா. அவர் உங்காத்துல சாப்பிட்டதே இல்லையா?"

சாப்பிட்டான் என்று ஒரு வார்த்தை. சொன்னால் இந்தப் பெண் பிழைத்துப்போவாள். வினயை இந்தத் தெரு தின்றுவிடும், நீலாம்பாள் தாங்கமாட்டாள். சற்று முன்னால் அத்தனை பேர் நடுவில் தன் பிள்ளை எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு நின்றானே, அதுவும் ஒன்றுமில்லாமல் போகும். அவன் அவ்வளவு ஆசையாக வைத்திருந்ததை அவனே வாயால் இல்லையென்று சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மாமிக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, குடைக் கம்பியிலிருந்து வடிகிற தண்ணீரைப் பார்த்தாள்.

"இல்லைம்மா" என்றாள். "ஒரு நாளும் இல்லை."

ஜானவி அவளையே பார்த்தாள். அப்புறம் அவள் முகம் முழுக்கத் தெளிந்தது. "ஹாவூ!" என்று நெஞ்சில் கை வைத்துச் சிரித்தாள், கண் இரண்டும் மூடிக்கொண்டது. "நீங்க பொய் சொல்லமாட்டேள் மாமி, உங்களைப் பார்த்தாலே தெரியறது. நான் சும்மா பயந்துட்டேன்." குடையை மதிலில் சாய்த்து வைத்தாள். ஈரத் தெருவென்றும் பார்க்காமல் குனிந்து மாமியின் காலைத் தொட்டு நமஸ்காரம் பண்ணினாள்.

அந்த ஊரில் அதற்குச் சொல்ல ஒரே ஒரு வார்த்தைதான் உண்டு. விஜயலக்ஷ்மி அவள் தலையில் கையை வைத்தாள்.

"தீர்க்க சுமங்கலியா இரு" என்றாள்.